16.5 மீட்டர் லாரியும் 3 மீட்டர் சாலையும்: பிரிட்டனின் குறுகிய பாதைகளில் ஆர்ட்டிக் ஓட்ட ஒரு வழிகாட்டி

நான் ஆர்ட்டிக், அதாவது இழுக்கும் வண்டியோடு டிரெய்லர் இணைத்த நீள லாரி, ஓட்டத் தொடங்கிய முதல் குளிர்காலம். டெவன் பகுதியில் ஒரு பண்ணைக்குத் தீவன மூட்டைகள் கொண்டுபோனேன். போனில் இருந்த மேப் சொன்ன இடத்தில் பிரதான சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் நடுக்கோடு மறைந்தது. அடுத்த வளைவில் இருபுறமும் மண்கரை எழும்பியது. அதன்மேல் வளர்ந்திருந்த உயிர்வேலி என் இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேரத்தில் உரசியது. எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் இறங்கி வந்து, "முன்னால் ஒரு கல்பாலம் இருக்கிறது, உங்கள் வண்டி அதில் போகாது" என்றார். அப்புறம் வண்டிக்கும் கரைக்கும் நடுவே நெளிந்து பின்பக்கம் போய், முக்கால் மைல் தூரம் எனக்குக் கை காட்டியபடியே நடந்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் இல்லாவிட்டால் இருட்டும்வரை அங்கேயே நின்றிருப்பேன்.

அன்று நான் செய்த தவறு ஸ்டியரிங்கில் இல்லை. நடுக்கோடு மறைந்த இடத்தில் நான் நிற்கவில்லை, அதுதான் தவறு. குறுகிய சாலையில் எப்படி ஓட்டுவது என்பதைவிட எங்கே நிற்பது என்பதே பெரிய கேள்வி. கடைசியாக வண்டியை ஒதுக்கக்கூடிய இடம் எது, அது எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது ஒவ்வொரு நொடியும் உங்கள் மனதில் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இந்திய உரிமத்தையோ இலங்கை உரிமத்தையோ வைத்துக்கொண்டு இங்கே லாரி ஓட்ட முடியாது. ஆர்ட்டிக் ஓட்டத் தேவையான சிஇ வகை உரிமத்துக்கான தேர்வுகளில் இங்கேயே தேற வேண்டும். 2021 நவம்பர் முதல், பெரிய டிரெய்லர் இழுக்காத லாரிக்கான சி உரிமம் எடுக்காமலேயே நேராக ஆர்ட்டிக் தேர்வுக்குப் போகலாம். அதனால் காரிலிருந்து நேரடியாக 16.5 மீட்டர் வண்டிக்கு வருகிறவர்கள் பலர். இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அந்த ஒரு பழக்கம் நம் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுக்கும். மற்றதெல்லாம் புதிதாகப் பழக வேண்டியது.

முதலில் உங்கள் வண்டியின் அளவு

வழக்கமான ஆர்ட்டிக்கின் அதிகபட்ச நீளம் 16.5 மீட்டர். அகலம் 2.55 மீட்டர், குளிர்சாதன டிரெய்லர் என்றால் 2.6 மீட்டர். ஆறு அச்சுகள் இருந்தால் மொத்த எடை 44 டன் வரை போகலாம். 2023 மே 31 முதல் 18.55 மீட்டர் வரை நீளமுள்ள வண்டிகளுக்கும் அனுமதி உண்டு. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கிராமப்புற டெலிவரிக்கு அது சரியான வண்டிதானா என்று அலுவலகத்திடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

2.55 என்பது உடலின் அகலம் மட்டும். இருபக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் 6 மீட்டர். சாலையின் அகலம் 5.5 மீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிரிட்டனில் பொதுவாக நடுக்கோடு போட மாட்டார்கள். ஆகவே கோடு மறைகிறது என்றால், இனி இரண்டு பெரிய வண்டிகள் பக்கத்தில் பக்கம் போக முடியாது என்று சாலையே உங்களிடம் சொல்கிறது. எந்தப் பலகையும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

உயரம் தனிக் கதை. இந்த நாட்டில் லாரிக்குப் பொதுவான உயர வரம்பு இல்லை. 4.9 மீட்டர் உயரமுள்ள இரட்டைத் தள டிரெய்லர்களும் ஓடுகின்றன. வண்டி 3 மீட்டருக்கு மேல் உயரம் என்றால், அந்த உயரத்தை ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பது சட்டப்படி கட்டாயம். நேற்று எழுதிய எண்ணை இன்று நம்பாதீர்கள். அதே டிரெய்லரை வேறொரு யூனிட்டில், அதாவது முன்னால் இழுக்கும் வண்டியில், மாட்டினால், அதன் முன்பக்க உயரம் மாறலாம். மாட்டியதும் அளந்து, மீட்டரிலும் அடியிலும் எழுதிக்கொள்ளுங்கள். பாலத்தில் அடியை மட்டும் எழுதியிருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே வந்து கணக்குப் போட நேரம் இருக்காது.

கிளம்புவதற்கு முன் வழியைப் பார்ப்பது

கார்களுக்கான மேப்புக்கு நீங்கள் லாரியில் வருகிறீர்கள் என்று தெரியாது. லாரிக்கான நேவிகேஷன் வாங்கி உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் அதில் பதிவு செய்யுங்கள். அதையும் முழுதாக நம்பக் கூடாது. பாலங்களின் உயரம் குறித்த லாரி ஓட்டுநர்களுக்கான வரைபடப் புத்தகம் ஒன்று கேபினில் இருக்கட்டும்.

கிராமத்தில் ஒரே போஸ்ட்கோடில் பல பண்ணைகள் இருக்கும். எண்ணை அடித்தால் மேப் உங்களை அந்தப் பரப்பின் நடுவில் கொண்டுபோய் விடும். நீங்கள் போக வேண்டிய வாசல் ஒரு மைல் தள்ளி, வேறு பாதையில் இருக்கும். ஆகவே முந்தின நாளே வாடிக்கையாளருக்கு போன் செய்து இந்த மூன்றையும் கேளுங்கள். உங்களிடம் ஆர்ட்டிக் வந்திருக்கிறதா? எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள்? உள்ளே திரும்ப இடம் உண்டா, இல்லை ரிவர்ஸில் வர வேண்டுமா? "லாரியெல்லாம் வரும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் பால் டேங்கரோ சிறிய லாரியோதான். "டிரெய்லர் இணைத்த நீள வண்டி வந்ததா?" என்று திரும்பக் கேளுங்கள்.

அடுத்து செயற்கைக்கோள் படத்தில் கடைசி மூன்று மைலைப் பாருங்கள். மரங்கள் சாலையை மூடியிருக்கின்றனவா, கூர்மையான திருப்பம் எங்கே, எதிர் வண்டிக்கு ஒதுங்க எத்தனை இடம் என்று பாருங்கள். தெருக்காட்சிப் படம் இருந்தால் பாதை தொடங்கும் இடத்திலுள்ள பலகைகளையும் படித்துவிடலாம். இன்னொரு குறிப்பு: மாடி பஸ் ஓடும் சாலையில் மரக்கிளைகள் ஓரளவு வெட்டப்பட்டிருக்கும். பஸ்ஸே போகாத பாதையில் கிளைகளை வெட்ட யாரும் இல்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், பண்ணைக்காரர்கள் வேலியை வெட்டுவதில்லை. எனவே ஜூலையில் போகும் பாதை, பிப்ரவரியில் நீங்கள் பார்த்த அதே பாதை இல்லை.

கார்ன்வால், டெவன் பக்கம் ஆகஸ்ட் மாதம் என்றால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கேரவன் இழுத்து வரும் கார்கள் நிறைந்துவிடும். கேரவனை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் அதை இழுத்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

நுழையும் முன் படிக்க வேண்டிய பலகைகள்

சிவப்பு வட்டம் தடை. சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை. வட்டத்துக்குள் லாரிப் படமும் 7.5 என்ற எண்ணும் இருந்தால் அதற்கு மேல் எடையுள்ள லாரி போகக் கூடாது. அதன் கீழே உள்ளூர் டெலிவரிக்கு விலக்கு என்று எழுதியிருந்தால், அந்த எல்லைக்குள் இருக்கும் இடத்துக்குப் போகலாம். குறுக்கு வழியாகப் பயன்படுத்தக் கூடாது. கனரக வண்டிகளுக்கு உகந்ததல்ல என்ற பலகை சட்டப்படி தடை இல்லை, வெறும் அறிவுரைதான். ஆனாலும் நான் அதைத் தடையாகவே எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் அங்கே மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தப் பலகை அங்கே வந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால், திரும்புவதற்கு முன்பே பிரதான சாலையில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிட்டு, பாதைக்குள் நடந்து போய்ப் பாருங்கள். முதல் இருநூறு மீட்டரை நடந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராப் ஓடுகிறதே, நாலரை மணி நேரத்துக்குள் 45 நிமிட ஓய்வு எடுக்க வேண்டுமே என்ற அவசரம் இருக்கும். உள்ளே சிக்கினால் அந்தக் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும்.

எதிரே வண்டி வந்தால்

இதுதான் தினமும் நடப்பது. இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

கேபினில் உட்கார்ந்தால் உங்கள் கண் காரில் இருப்பவரைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. வேலிக்கு மேலே பாருங்கள். தூரத்து வளைவில் ஒரு வேனின் கூரையோ டிராக்டரின் மஞ்சள் விளக்கோ தெரியும். இரவில் இன்னும் எளிது, வெளிச்சம் முன்கூட்டியே மரங்களில் விழும். பார்த்த உடனே ஓர் அகலமான இடத்தில் நின்றுவிடுங்கள். நீங்கள் போய் அவரைச் சந்திக்கக் கூடாது, அவர் உங்களிடம் வர வேண்டும்.

ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்கிடங்கள் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போங்கள். வலப்பக்கம் இருந்தால், அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்று, வருகிறவரை அதற்குள் விடுங்கள். வலப்பக்கம் தாண்டிப் போய் நிற்காதீர்கள். மேட்டில் ஏறி வரும் வண்டிக்கு முடிந்தவரை வழி விட வேண்டும் என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடு சொல்கிறது. விளக்கை அடித்து "வா" என்று சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். அந்தப் புத்தகத்தின்படி விளக்கை அடிப்பதற்கு ஒரே பொருள்தான்: நான் இங்கே இருக்கிறேன். வண்டியை முழுதாக நிறுத்தி, இடது இண்டிகேட்டரைப் போட்டால் எல்லோருக்கும் புரியும்.

இரண்டு வண்டிகளும் உரசும் தூரத்தில் கடக்க வேண்டியிருந்தால் ஒன்று மட்டுமே நகர வேண்டும். மற்றது அசையாமல் நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஊர்ந்தால்தான் கண்ணாடி உடைகிறது. நீங்கள் நகர்கிறவர் என்றால், யூனிட் தாண்டிவிட்டதும் நிம்மதி அடையாதீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் 13 மீட்டர் இருக்கிறது. டிரெய்லரின் கடைசி மூலை அவரது வண்டியைத் தாண்டும்வரை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் திருப்பாதீர்கள்.

யார் பின்னால் போவது? பெரும்பாலும் கார்தான், அதற்குத்தான் எளிது. ஆனால் முன்னால் நகர்ந்து அவரை நெருக்கித் தள்ளுவது தவறு, ஆபத்தும்கூட. 2022-இல் மாற்றிய ஹைவே கோடு, அதிகக் கேடு விளைவிக்கக்கூடிய வண்டியை ஓட்டுகிறவருக்கே அதிகப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சாலையில் அது நீங்கள்தான். சில முதியவர்கள் ரிவர்ஸ் எடுக்கப் பயந்து உறைந்துபோவார்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மஞ்சள் சட்டையோடு இறங்கிப் போய், புன்னகையோடு வணக்கம் சொல்லி, "மெதுவாக வாருங்கள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். அந்தச் சில நிமிடம் உதவினால், உங்களுக்கு நீண்ட ரிவர்ஸ் மிச்சம்.

இனி புல்லோரம். வழி விடும் ஆசையில் இடப்பக்கச் சக்கரங்களைப் புல்மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். மேலே பச்சையாகவும் கெட்டியாகவும் தெரியும். அடியில் வடிகாலோ பழைய பள்ளமோ இருக்கும். கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர் பக்கத்து ஃபென் எனும் தாழ்ந்த சதுப்பு நிலங்களில் இது பல மடங்கு ஆபத்து. அங்கே மண் கரிமண். அது வறண்டு சுருங்கி இறங்கிக்கொண்டே இருப்பதால் சாலையே அலை போல ஏறி இறங்கும், ஓரத்திலேயே ஆழமான வாய்க்கால் ஓடும். டிரெய்லரின் சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டது என்று உணர்ந்தால் ஸ்டியரிங்கை வெட்டி இழுக்காதீர்கள். இழுத்தால் டிரெய்லர் சாய்ந்துவிடும். மெதுவாக நிறுத்தி, இறங்கிப் பார்த்து, அப்புறம் முடிவெடுங்கள்.

வேகம் பற்றி ஒரு வரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைல், ஸ்காட்லாந்தில் பொதுவாக 40. வேலிகளுக்கு நடுவே அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. ஒற்றைத் தடத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம்தான் என் வேகம். மறுபாதி எதிரே வருகிறவருக்கு.

திருப்பங்கள்

ஆர்ட்டிக் திரும்பும்போது டிரெய்லர் யூனிட்டின் தடத்தில் வராது. மூலையை வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வரும். சட்டத்திலுள்ள அளவைப் பாருங்கள்: வெளிவட்டம் 12.5 மீட்டர் ஆரம், உள்வட்டம் 5.3 மீட்டர் ஆரம். இந்த இரண்டுக்கும் நடுவே வண்டி சுற்ற வேண்டும். அதாவது முழு வட்டம் அடிக்கும்போது 2.55 மீட்டர் அகல வண்டி 7.2 மீட்டர் அகலம் வரை இடத்தை அடைத்துக்கொள்ளலாம். நான்கு மீட்டர் பாதையிலிருந்து இன்னொரு நான்கு மீட்டர் பாதைக்குச் செங்குத்தாக ஏன் திரும்ப முடியாது என்பது இதிலேயே புரியும்.

இடப்பக்கத் திருப்பத்துக்கு வழிமுறை இது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, இருக்கிற இடத்தில் முடிந்தவரை வலப்பக்கம் நகருங்கள். பாதை வாய் வந்ததும் திருப்பாதீர்கள். நேரே இன்னும் முன்னால் போங்கள், எதிர்க்கரை முகத்துக்கு வரும்வரை. அப்போதுதான் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புங்கள். பிறகு கண் முழுதும் இடது கண்ணாடியில், டிரெய்லரின் கடைசிச் சக்கரத்தில். அது மூலைக் கல்லைத் தாண்டிய பிறகே வண்டியை நேராக்க வேண்டும். நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கிய அந்த நேரத்தில், இடப்பக்க இடைவெளியில் சைக்கிளோ காரோ நுழையப் பார்க்கும். அங்கேதான் டிரெய்லர் வந்து மூடப்போகிறது. ஓர் ஆள் தெரிந்தாலும் நிறுத்துங்கள். அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லரின் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வலப்பக்கத் திருப்பம் ஓரளவு எளிது. டிரெய்லர் முழுவதும் உங்கள் ஜன்னல் பக்கம் தெரியும். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இடப்பக்கம் கடினமாகத் தெரிந்தால் அதை விட்டுவிட்டு நேரே போய், அடுத்த ரவுண்டானாவில் சுற்றித் திரும்பி வந்து அதே பாதைக்குள் வலப்பக்கமாக நுழைவேன். நான்கு மைல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஊர்களுக்குள் வரும் மினி ரவுண்டானாக்களில் வர்ணம் பூசிய நடுவட்டத்தைச் சுற்றியே போக வேண்டும் என்பது சட்டம். உடலளவில் முடியாத பெரிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நமக்குப் பெரும்பாலும் முடியாது. மேலே ஏறிப் போகலாம், மெதுவாக.

பாலங்கள்

5.03 மீட்டருக்கும் குறைவான இடைவெளி உள்ள பாலங்களில் உயரம் எழுதியிருக்கும், அடியில் சொன்னால் 16 அடி 6 அங்குலம். பிரிட்டனில் ரயில் பாலங்களில் வண்டிகள் மோதுவது ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கும் மேல். லெஸ்டர்ஷயரில் ஹிங்க்லி அருகே ஏ5 சாலையிலுள்ள பாலம் இதற்கே பேர்போனது. அது ஏதோ மூலைப் பாதை இல்லை, பரபரப்பான பிரதான சாலை. ஆக, பெரிய சாலை என்றால் உயரம் இருக்கும் என்று எண்ணுவது தவறு.

வளைவுப் பாலம் என்றால் எழுதிய உயரம் நடுப்பகுதிக்கு மட்டுமே. உங்கள் பெட்டியின் மேல்மூலை ஓரத்தில்தான் இடிக்கும். எதிரே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாலையில் போட்டிருக்கும் கோடுகளின்படி நடுவில் போங்கள். எண்ணும் உங்கள் உயரமும் நெருக்கமாக இருந்தால் போகவே வேண்டாம்.

மோதிவிட்டால் உடனே வண்டியைப் பின்னால் எடுக்காதீர்கள். பாலத்தில் ஒரு பலகை இருக்கும், அதில் ரயில்வே தொலைபேசி எண்ணும் பாலத்தின் அடையாள எண்ணும் எழுதியிருக்கும். முதல் அழைப்பு அதற்கு. மேலே ரயில் வந்துகொண்டிருக்கலாம். அடுத்து அவசர உதவி எண் 999. உங்கள் வேலை, அபராதம் எல்லாம் அதற்குப் பிறகு.

முதுகு வளைந்த பழைய கல்பாலங்களில் வேறு சிக்கல்: வண்டியின் நடுவயிறு தட்டும். நீண்ட தாழ்ந்த வண்டி மேட்டில் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட முக்கோணப் பலகை அதற்குத்தான். ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தி, நடந்து போகும் வேகத்தில் தாண்டலாம். தாண்டியதும் இறக்க மறக்காதீர்கள், உங்கள் உயரமும் கூடியிருக்கும். ரயில்வே கேட்டுகளிலும் இந்தப் பலகை வரும். 18.75 மீட்டருக்கு மேல் நீளம், 2.9 மீட்டருக்கு மேல் அகலம், இல்லையென்றால் 44 டன்னுக்கு மேல் எடை என்றால், பெரிய வண்டிகள் போன் செய்ய வேண்டும் என்ற பலகை உள்ள கேட்டில் தொலைபேசியில் அனுமதி வாங்கிய பிறகே கடக்க வேண்டும்.

மலை, குதிரை, இன்னும் சில

சாமர்செட்டின் போர்லாக் மேடு ஏ39 என்ற பிரதான சாலையில்தான் இருக்கிறது, ஆனால் நான்கடிக்கு ஓரடி ஏற்றம். வடக்கு யார்க்‌ஷயரின் சட்டன் பேங்க்கும் அப்படியே, அங்கே கேரவன்களுக்கே தடை. ஸ்காட்லாந்தில் லாக் லோமண்ட் ஏரியோரம் டார்பெட்டுக்கு வடக்கே ஏ82, பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே இறுகிப்போகும். சாலையின் எண்ணைப் பார்த்து அகலத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இவையே சாட்சி. இறக்கத்தில் உச்சியிலேயே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். ஈரமான இலைகள்மேல் காலி டிரெய்லரோடு இறங்கும்போது எஞ்சின் பிரேக்கை முழுவதும் போட்டால், யூனிட்டின் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி மடங்கிவிடலாம்.

குதிரை தெரிந்தால் வேகத்தை மணிக்கு 10 மைலுக்கும் கீழே கொண்டு வாருங்கள், குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கடக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். ஏர் பிரேக்கின் "புஸ்" சத்தமே குதிரையை மிரள வைக்கும். நின்றால், அது தாண்டும்வரை பிரேக் பட்டனைத் தொடாதீர்கள். சைக்கிளுக்குக் குறைந்தது 1.5 மீட்டர்.

பின்னோக்கி வருவது

ரிவர்ஸை எப்போதும் ஜன்னல் பக்கம், அதாவது வலப்பக்கம் வளையும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வளைந்தால் டிரெய்லரின் மூலை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பண்ணை வாசலைத் தாண்டிப் போய் ரிவர்ஸில் நுழைவதா, எதிர்த்திசையிலிருந்து வருவதா என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

ஆரம்பிக்கும் முன் இறங்கி நடந்து பாருங்கள். மின்கம்பி, கூரை விளிம்பு, வாசல் தூண், நாய், குழந்தை. இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை அணையுங்கள். வழிகாட்ட ஒருவர் இருந்தால், அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே நில்லுங்கள். தவறாகப் போனால் முன்னால் வந்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். நேர்ப்பாதையில் ரிவர்ஸ் வரும்போது, எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் அது நேராகும். உடனே திரும்ப எடுங்கள். இந்த ஒன்றைக் காலியான யார்டில் நூறு முறை பழகியவருக்கு முக்கால் மைல் வருவதும் சாத்தியமே. மக்கள் குடியிருக்கும் தெருக்களில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ரிவர்ஸ் பீப் சத்தத்தை அணைத்து வைக்க வேண்டும் என்பதும் விதி.

உண்மையிலேயே மாட்டிக்கொண்டால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, அலுவலகத்துக்குச் சொல்லி, வழி அடைபட்டிருந்தால் போலீஸுக்கும் சொல்லிவிடுங்கள். சாலை நடுவே நின்றுகொண்டு, கோபத்தில் இருக்கும் பத்துப் பேரின் யோசனைப்படி ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்து அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

வெளியே வந்ததும் முதல் அகலமான இடத்தில் நிறுத்தி வண்டியைச் சுற்றி வாருங்கள். டயரின் பக்கச்சுவரில் கல் வெட்டு, பின்விளக்கு, நம்பர் பிளேட், கிளை கிழித்த திரை, இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல் எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, எந்த வழியாகப் போனீர்கள், எங்கே ஒதுங்க முடிந்தது, எந்தப் பக்க வாசல் என்று எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். என் நோட்டில் அந்த டெவன் பண்ணைக்கு இப்படி எழுதியிருக்கிறது: "மேற்கிலிருந்து மட்டும் வரவும். வெள்ளைக் கேட்டுக்கு எதிரே நிறுத்தி போன் செய்யவும். கல்பாலம் பக்கம் வேண்டாம்."